தூக்கம் கெடுத்தவர்

மதுரைத் தூக்க ஆய்வகத்தில் பேராசிரியை ரெஜினாவின் கீழ் ஆறு மாணவர்கள் ஆய்வு செய்தார்கள். தூக்கம் கெட்டால் இதயம் என்னாகும் என்பதுதான் ஆய்வு. தன்னார்வலர்களின் நெஞ்சில் ஒட்டிய பட்டை, இதயத் துடிப்போடு தூக்கத்தைக் கெடுத்தவரின் பெயரையும் எழுதிவிடும்.

அன்று காலைக் கூட்டத்தில் பதினேழாம் எண் தன்னார்வலரின் அறிக்கையை மாணவி நஸ்ரின் வாசித்தாள். துடிப்பு அடிக்கடி தப்புகிறது என்று சொன்னவள், பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"யாரும்மா அது, ஈவு இரக்கமே இல்லாம? பேரை வாசி," என்றார் ரெஜினா.

"வேணாம் மேடம்."

"ஒரு உயிரு சம்பந்தப்பட்டது. யாருக்குப் பயப்படுற?"

நஸ்ரின் தாளை நீட்டினாள். இரண்டு மாதத்தில் நாற்பத்தோரு இரவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ரெஜினாவின் பெயர். 'விடியறதுக்குள்ள அனுப்பு' என்று அவர் அனுப்பிய செய்திகளும் கூடவே இருந்தன.

"பதினேழு யாரு?" என்று கேட்டார் ரெஜினா.

"நான்தான் மேடம். ஆள் குறைஞ்சுச்சு, நானே ஒட்டிக்கிட்டேன்."

மற்ற ஐவரும் தரையைப் பார்த்தார்கள். ரெஜினா எழுந்தார். உடனே நஸ்ரினை இதய மருத்துவரிடம் அழைத்துப்போனார்.

"ஏம்மா தூங்கறதில்ல?" என்று மருத்துவர் கேட்டார்.

"படிப்பு சார்," என்றாள் நஸ்ரின்.

"இல்ல டாக்டர்," என்றார் ரெஜினா, நிமிராமலே. "நான்தான் தூங்க விடல."