வளையல் வட்டம்

மருத்துவமனைக் கதவு என்னை உள்ளே விடவில்லை. "நீங்கள் மாரிச்செல்வியின் உறவினர் அல்ல" என்றது. பதினொரு மணிக்குள் உறவினர் ஒருவர் கையெழுத்திடாவிட்டால் அவளுடைய அறுவைச் சிகிச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விடும். அவளுக்கென்று யாரும் இல்லை.

"நோயாளியிடம் கேளுங்கள்" என்றேன்.

"கேட்கிறேன். அவர் சொல்லும் கூற்றை உண்மையெனக் கொள்வேன். முடிவை நானே எடுப்பேன்."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பாளையங்கோட்டை நூலகத்தில் நாங்கள் வங்கித் தேர்வுக்குப் படித்தபோது வினாத்தாளின் தர்க்கக் கேள்விகளில் இதே விதிதான் இருக்கும்: கூற்று எவ்வளவு அபத்தமானாலும் உண்மையெனக் கொண்டு முடிவு காண வேண்டும். எல்லாப் பேனாக்களும் ஆடுகள். எல்லா ஆடுகளும் நாற்காலிகள். மாரி தன் கவரிங் வளையலைக் கழற்றித் தாளில் வைத்து, பேனாவுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று என்று வட்டம் போட்டு விடை தேடுவாள்.

"பேனா எப்படிட்டி ஆடாகும்?" என்பேன்.

"அவன் சொல்லிட்டாம்லா. அப்ப ஆடுதான்."

தேர்வில் இருவருமே தேறவில்லை. ஊரைவிட்டுப் போகும்போது வளையல் ஜோடியில் ஒன்றை எனக்குத் தந்தாள்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் தளர்ந்து வந்தது. "என் வளையலுக்கு ஜோடியப் போட்டிருக்கவங்க எல்லாரும் என் கூடப்பிறந்தவங்க."

கதவின் கேமராக் கண் என் மணிக்கட்டில் கிடந்த வளையலில் சற்று நேரம் நின்றது.

"ஆகவே, நீங்கள் உடன்பிறந்தவர்" என்று திறந்தது.

மணி பத்து ஐம்பது. படுக்கையருகே நின்று படிவத்தை நிரப்பினேன். உறவுமுறை என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினேன். மாரி எட்டிப் பார்த்தாள்.

"அக்கான்னு எழுதுட்டி. நீதான் மூணு மாசம் மூத்தவ."

அடித்துத் திருத்தினேன்.