நிஜமா, படமா?

அந்தக் கைக்கடிகாரக் கடையின் காவலர் ஒரே மாதத்தில் சினிமா நட்சத்திரங்களைவிடப் பிரபலமாகிவிட்டார்.

ஷோரூமின் நடுவே ஆளுயரக் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நாற்காலி. நாற்காலியில் சீருடையுடன் காவலர். கொட்டாவி விடுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். எந்தப் பக்கம் ஆள் வந்தாலும் அந்தப் பக்கம் தலை திரும்பும். சற்று நேரம் நின்றால், “என்ன சார் வேணும்?” என்று கேட்பார். அவ்வளவுதான். எழுந்திருக்க மட்டும் மாட்டார்.

‘இவர் நிஜமா, படமா? சரியாகச் சொன்னால் கைக்கடிகாரம் பரிசு!’ என்று கடை இணையத்தில் கொளுத்திப் போட்டிருந்தது. ஊர் இரண்டுபட்டது. தெருவில் நின்று கண்ணாடிக் கதவு வழியே வீடியோ எடுத்துப் போடாத ஆள் இல்லை. கண் சிமிட்டும் அழகைப் பார்த்தால் நிஜம்தான் என்றது ஒரு கட்சி. சம்பளத்துக்கு உட்காரும் எந்த மனிதன் இத்தனை நேரம் போனைப் பார்க்காமல் இருப்பான், படமேதான் என்றது இன்னொரு கட்சி.

விடை தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான். அவர்களில் முதல் ஆள் விளம்பரக் கம்பெனியின் அனிமேட்டர். படத்தைச் செய்தவனே அவன்தானே!

கடையின் பழைய காவலரைக் கேமரா முன் உட்காரவைத்து, அவருடைய ஒவ்வோர் அசைவையும் பிடித்து, கண் எரிய எரிய உருவாக்கிய படம் அது. வேலை முடிந்ததும் முதலாளி அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீவு கேட்காத, பசிக்காத காவலர் கிடைத்தபின் இன்னொருவர் எதற்கு?

விளம்பரத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. மேடையேறி அதை வாங்கியவர் அனிமேட்டரின் மேனேஜர். அனிமேட்டருக்குக் கிடைத்தது ஆபீஸ் பெயர் அச்சடித்த ஒரு காபிக் கோப்பை.

“விருது போட்டோல உங்க மூஞ்சியவே காணோமே?” என்றாள் மனைவி.

அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இனி இவர்களுக்கு உழைத்துக் கொட்டுவதில்லை. சொந்த ஸ்டூடியோ, வாசலில் தன் பெயர்ப் பலகை என்று அன்றே முடிவு கட்டினான். அதற்கான முதல் எங்கே என்று தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. கடிகாரக் கடையின் மேல் தட்டில், லட்சக்கணக்கில் விலையுள்ள கடிகாரங்களாக வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று கூண்டு விளக்கு மட்டும் எரியும். திரை பொருத்தும் வேலைக்காகத் தந்த பின்கதவு எண்ணை யாரும் மாற்றவில்லை. ஆள் வருவதைக் கவனித்துப் படத்தின் தலையைத் திருப்பவைக்கும் கூண்டுக் கேமரா எதையும் பதிவு மட்டும் செய்யாதபடி முந்தின நாளே ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நிறுத்திவிட்டான். ஆபீசுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினான். மனைவியிடம் ஆபீசில் அவசர வேலை என்றான். நடுவில் யாரும் தொல்லை செய்யாதிருக்கப் போனை அணைத்தான். முதல் திருட்டுதான், ஆனாலும் இப்படி ஓட்டையே இல்லாத திட்டத்தை யார் போட முடியும் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

பட்டப்பகலில் பின்கதவு சத்தமில்லாமல் திறந்தது. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி கவுண்டருக்குப் பின்னால் குனிந்தே நகர்ந்தான்.

கூண்டுக்குள் காவலரின் தலை அவன் பக்கம் திரும்பியது. கழுத்து மடிப்பு சுருங்கிய நேர்த்தியைப் பார்த்து அனிமேட்டருக்கு ஒரே பூரிப்பு. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“என்ன சார் வேணும்?”

“பெருசா ஒண்ணும் வேணாம்ணே. மேல் தட்டுல இருக்கறது மட்டும் போதும்” என்றான், அலமாரியைத் திறந்தபடி. பயம் போய்ப் பேச்சு வந்துவிட்டது. இந்தச் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. படத்திடம் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்?

“மூளை என்னோடது, விருது அவனுக்கு. இது நியாயமாண்ணே? அதான், எனக்கு நானே விருது குடுத்துக்கறேன். பின்கதவு நம்பரைக்கூட மாத்தல பாருங்க. உங்க முதலாளி உங்களை நம்பித் தூங்கறாரு!”

காவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

பை நிறைந்தது. அனிமேட்டர் குனிந்தபடியே ஒரு சலாம் வைத்தான்.

“வர்றேண்ணே. ஊருல பாதிப் பேர் உங்களை நிஜம்னு நம்பறாங்க. முட்டாப் பசங்க!”

காவலர் எழுந்து நின்றார்.

சலாம் வைத்த கை நெற்றியிலேயே நின்றது. எழுந்து நிற்பதுபோல் அவன் படம் செய்யவே இல்லை. காவலர் கூண்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, பின்கதவை மறித்து நின்றார்.

“அண்ணே... நீங்க... படம்...”

“அது நின்னுபோச்சு தம்பி. நேத்து யாரோ கேமராவை நோண்டினதுல எல்லாம் சேர்ந்து படுத்துருச்சாம். உங்களைத் தவிர வேற யாருக்கும் சரிபண்ணத் தெரியாதாமே? காலையிலேர்ந்து கூப்பிடறாங்க, உங்க போன்தான் அணைச்சிருக்கு. போட்டி நடக்கறப்ப கூண்டு காலியா இருக்கக் கூடாதுல்ல? அதான் என்னைத் தேடிப் பிடிச்சு, படம் செய்யறதையே செய்யுன்னு உக்கார வெச்சாங்க. நீங்க பேச ஆரம்பிச்சப்பவே அபாயப் பொத்தானை அமுக்கிட்டேன்.”

தெருமுனையில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. காவலர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கூச்சத்தோடும் ஆசையோடும் கேட்டார்:

“நீங்க வந்து படத்தைச் சரிபண்ற வரைக்கும் எனக்கு இந்த வேலை உண்டுன்னு முதலாளி வாக்குக் குடுத்திருக்காரு தம்பி... இந்த மாதிரிக் கேசுக்கெல்லாம் எத்தனை வருஷம் போடுவாங்க?”