ஒரு சாண் சுவர்

சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணி கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததுதான் தாமதம், கையிலிருந்த ஈரத்துணியோடு உள்ளே ஓடினாள்.

“ஏங்க, உங்க தம்பி சம்மட்டியோட வந்திருக்காரு! இன்னைக்கு யாரு மண்டை உடையப் போகுதோ!”

அண்ணன் வெளியே வந்தார். இரண்டு பேருமே கொத்தனார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில், எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து எழுப்பிய சுவர்.

“என்னடா இது காலங்காத்தால?”

“நடுச்சுவரை இடிக்க வந்திருக்கேண்ணே. அது பாவத்துல எழுப்பின சுவரு.”

தம்பி சம்மட்டியைக் கீழே வைத்தான். கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சுவர் எழுப்பிய அன்றைக்குக் காலையில் எல்லைக்கு முளை அடித்து நூல் கட்டியது அண்ணன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் முளைகளைப் பிடுங்கி, ஒரு சாண் அண்ணன் பக்கமாகத் தள்ளி அடித்தது தம்பி.

“நீங்க சாப்பிட்டு வந்து ஒரு வார்த்தை கேக்கல. நான் தண்ணி தூக்கிட்டு வர்றதுக்குள்ள முதல் வரிசைக் கல்லை நீங்களே வச்சு முடிச்சிட்டீங்க. குத்தமுள்ள மனசு, அந்த நூல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல. அப்படி நம்பின மனுஷனை ஏமாத்திட்டேனே!”

அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரிடா, மன்னிச்சிட்டேன். வீட்டுக்குப் போ.”

“அது எப்படிண்ணே? சர்ச்சுல போதகர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ‘வருத்தப்பட்டா மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டுத் திருவிருந்துக்கு வா’ன்னுட்டாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அப்பத்துக்குக் கை நீட்டுவேன்?”

“அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்றேன்ல, போடா!”

“சுவரை ஒட்டித்தானே குளியலறை இருக்கு?” என்றாள் அண்ணி, கதவுக்குப் பின்னாலிருந்து. “இடிச்சிட்டா நான் எங்க குளிக்கிறது தம்பி?”

“ரெண்டே நாள் பொறுத்துக்குங்க அண்ணி. குளியலறை ஒரு சாண் பெருசாயிடும்.”

அண்ணி வெளியே வந்துவிட்டாள். “இன்னொரு அண்டா வைக்கலாமே! ஏங்க, அவருதான் இவ்வளவு தூரம் சொல்றாருல்ல?”

“நீ சும்மா இரு!”

தம்பி இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துத் தரையில் இழுத்தான். அண்ணன் பாய்ந்து வந்து அதை மிதித்துக்கொண்டு நின்றார்.

“அளவெல்லாம் வேண்டாம்! அண்ணன் தம்பிக்குள்ள என்னடா அளவு?”

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படிப் பெரிய மனசாப் பேசியே என்னைக் கொல்றீங்களே! உங்க மனசு ஆறலைன்னு எனக்குத் தெரியும்ணே. எட்டு வருஷமா, திருவிருந்து நேரம் வந்தாப் போதும், முட்டி வலின்னு எந்திரிச்சு வெளிய போயிடறீங்க. மூணு மாடி சாரம் ஏறுறப்ப வராத வலி அப்ப மட்டும் வருதா? என்மேல இருக்கிற கோவந்தானே? அந்தப் பாவமும் என் தலையிலதான்.”

அண்ணன் டேப்பின் மேலிருந்து காலை மெல்ல எடுத்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு சம்மட்டி இருந்தது.

“ஐயையோ!” என்றாள் அண்ணி. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தான்.

அடி விழுந்தது. தம்பி தலையைத் தடவிப் பார்த்தான், முழுசாக இருந்தது. குளியலறையை ஒட்டிய நடுச்சுவரில்தான் இரண்டு கல் பெயர்ந்து கிடந்தன.

அடுத்த அடிக்குச் சம்மட்டியை ஓங்கிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் சொன்னார்:

“நீ தள்ளினது ஒரு சாண்தான்டா. நீ தண்ணி தூக்கப் போனப்ப, நான் உன் பக்கம் ரெண்டு சாண் தள்ளிட்டேன்.”