பேச்சித்தாய் உட்கார்ந்த நாள்

டிசம்பர் முப்பத்தொன்று காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும், ஜவுளிக்கடை முதலாளி ஜெயபாண்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு பேச்சித்தாயி" என்றார்.

விற்பனைப் பெண்கள் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். உட்கார்ந்த நேரத்தை நாற்காலியே தொழிலாளர் துறைக்கு அனுப்பிவிடும். நவம்பரில் அவர் நாற்காலிகளில் சேலைக் கட்டுகளை வைத்துப் பார்த்தார். சேலைக்கு நாடித் துடிப்பு இல்லை என்று மறுநாளே நோட்டீஸ் வந்தது.

மற்ற பெண்கள் உட்கார்ந்து முடித்துவிட்டு, மிச்ச விடுப்பைத் தீர்க்க வீட்டில் இருந்தார்கள். பேச்சித்தாய்க்கு மட்டும் இன்னும் பதினொரு மணி நேரம் பாக்கி இருந்தது. இன்றைக்குள் முடியாவிட்டால் நாளை கடையைத் திறக்க முடியாது.

வாசலில் ஆள் தெரிந்ததும் அவள் எழுந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"நீ எந்திரிக்காத தாயி. நான் எடுத்துப் போடுதேன்" என்று அவரே சேலைகளை விரித்துக் காட்டத் தொடங்கினார். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்தபடியே, "மேல் தட்டு, இடது ஓரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அவருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மெல்லச் சுவரில் சாய்ந்தார்.

"ஐயோ, சாயாதீங்க அண்ணாச்சி" என்று பேச்சித்தாய் பதறினாள். "கேமரா பிடிச்சிரும். சாஞ்சா அரைநாள் ஆப்சென்ட்னு நீங்கதான ரூல் போட்டீங்க."

அவர் நிமிர்ந்து நின்றார். கடை மூட இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.