அக்கா ஷூவின் கூச்சம்

பனியில் மிதக்கிற மாதிரி நடந்தன அக்கா ஷூவும் தங்கை ஷூவும். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று மதியழகன் வாங்கிய ஜோடி. டீக்கடைவரை நடப்பார், நடந்ததற்குப் பரிசாக ரெண்டு போளி தின்பார்.

"இன்னிக்கு மூணு தின்பாரு பாரேன்!" என்று சிரித்தது தங்கை.

"சிரிக்காதடி. எனக்குள்ளே கல்லு குத்தி அவரு காலுல ரத்தம் கசியுது. சர்க்கரையில மரத்துப்போன காலு, அவருக்கு வலிக்கவே இல்லையே!"

கடை வாசலில் அக்கா தன் கயிற்றை மெல்ல அவிழ்த்துக்கொண்டது. கட்டக் குனிந்தவர், சிவந்த சாக்ஸைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, போளி சூடா இருக்கு!"

"வேண்டாம்ப்பா. ஆட்டோ ஒண்ணு கூப்பிடு."

புண் ஆறும்வரை இரண்டும் கனவில்தான் நடந்தன. இப்போதெல்லாம் மாட்டும் முன் அவர் உள்ளே விரல்விட்டுத் தடவிப் பார்க்கிறார். அக்காவுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் டீக்கடையைத் தாண்டிப் போயிருப்பார்.