அகராதியில் நாலாவது அர்த்தம்

'குவிட்' என்ற ஒற்றை இங்கிலீஷ் சொல்லுக்கு அகராதியில் மூன்று அர்த்தம் பார்த்தாகிவிட்டது. ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல், மர்ஸூக் முதலாளி நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

எதிரே வடிவம்மா நின்றாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு நடந்தே வந்தவள், கடைக்குப் புதியவள். கடிதம் வாசிக்கக் கூலியாக ஒரு பை போஞ்சிக்காய் கொண்டுவந்திருந்தாள். விதைக்கு விட்ட முற்றல் காயைக்கூட மிச்சம் வைக்காமல் பறித்திருந்தாள்.

கடிதம் சின்னதுதான். தோட்டக் குடியிருப்பான லயத்து அறையைக் காலி செய்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி மாத முடிவுக்குள் இந்தியாவுக்குப் போய்விட வேண்டுமாம். இந்த வருடத்தில் இப்படி எத்தனை கடிதம்! எத்தனை பேர் இதே படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்!

"செவப்புக் கோடு போட்டிருக்கே, அந்தச் சொல்லு என்னாங்க மொதலாளி?" அவள் முன்னால் குனிந்து கேட்டாள்.

வெளியேறு. கைவிடு. விடுபட்டது. அப்புறம் பொடி எழுத்தில் சொல்லின் வேர்: பழைய லத்தீனில் அமைதி, ஓய்வு. அப்பாடா, கிடைத்துவிட்டது!

"ஒண்டுமில்ல தங்கச்சி. அமைதி எண்டு அர்த்தம். நீ உன்ட லயத்துலயே நிம்மதியா இருக்கலாமாம். உன்ன ஒருத்தரும் இந்தியாவுக்கு அனுப்பமாட்டாங்க."

உண்மையை நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும், இன்றைக்காவது இந்தப் பிள்ளை நிம்மதியாகச் சோறு தின்னட்டும் என்று நினைத்தார் அந்த நல்ல மனிதர்.

வடிவம்மா தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எம் புள்ளைகளா!"

"என்னத்துக்கு அழுற?"

"எம் புருசனும் ரெண்டு புள்ளைகளும் போன வருசமே கப்பலேறிட்டாங்க மொதலாளி. எம் பேப்பருல பேரு பிழைன்னு என்னைய மட்டும் நிப்பாட்டிட்டாங்க. என்னையும் அனுப்பிவிடுங்கன்னு எழுதிப்போட்டு, பதினாலு மாசமா இந்தக் கடிதாசிக்குத்தான் காத்துக் கெடந்தேன்."

மர்ஸூக் அகராதியைப் பட்டென்று மூடினார். யா அல்லாஹ், நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே!

"தங்கச்சி, நான் சொன்னது பொய்! போகச் சொல்லித்தான் எழுதியிருக்கு. இந்த மாசமே போகலாம். அல்லாஹ்மேல சத்தியம்!" கடிதத்தை அவள்முன் விரித்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார்.

எழுத்துத் தெரியாத வடிவம்மா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் அழுறேன்னு, ஆறுதலுக்குப் பொய் சொல்றீங்க மொதலாளி."