ஆடி மாதத்து அண்டா

ஆடி பிறந்ததிலிருந்து காத்தமுத்துவின் வாடகைப் பாத்திரக் கடையில் ஈ, காக்கை இல்லை. பெரிய அண்டா கவிழ்ந்து படுத்துவிட்டது. அதன்மேல் சாய்ந்திருந்த நீளக் கரண்டிக்கோ இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், “வந்துட்டாங்கண்ணே!” என்று அண்டாவின் முதுகில் ஒரு தட்டு தட்டும்.

வந்தவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுவிட்டுப் போவார்.

“உனக்கு வெட்கமே கிடையாதா? ஆடியில எவன் வீட்டுல கல்யாணம்? ஆவணி வரைக்கும் பேசாம தூங்கு” என்று அண்டா சிடுசிடுக்கும்.

ஒருநாள் அம்மன் கோயில்காரர்கள் வந்தார்கள். கூழ் காய்ச்சப் பெரிய பாத்திரம் வேண்டுமாம்.

“கூழா? கல்யாண சாம்பார் கொதிச்ச வயித்துலயா?”

அண்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள், பக்கத்திலிருந்த குண்டானையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கரண்டி மட்டும் திரும்பி வந்தது, காம்பில் வேப்பிலையும் மஞ்சளுமாக.

“குண்டான் எங்கே?”

“அப்படியே அடுத்த தெருக் கூழுக்குப் போயிருச்சுண்ணே. கூழு குடிச்ச ஒருத்தர், ஆவணியில தன் பொண்ணு கல்யாணத்துக்கும் அதுலதான் சாம்பார்னு சொல்லிட்டாரு.”

அண்டா கவிழ்ந்தபடியே வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்துகொண்டது.

மறுநாள், கிண்டிக் களைத்த கரண்டி அசந்து தூங்கியது. வாசலில் செருப்புச் சத்தம்.

“எழுந்திரு, வந்துட்டாங்க!”

கரண்டி பதறி விழித்தது. அண்டா வாயை அகலத் திறந்துகொண்டு நிமிர்ந்து நின்றது.

வந்தவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுவிட்டுப் போனார்.

“போனா என்ன?” என்றது அண்டா, கவிழாமல். “பஸ்ஸுல போறவருக்கும் ஒரு பொண்ணு இருக்காதா?”